ஹூஸ்டன் ரோடியோ கடைவீதி: எதைப் பார்ப்பது, எதை வாங்குவது, எங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்பது?

மானாவாரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மார்ச்சில் அலுவலக நண்பர்கள் அழைத்ததால் என்.ஆர்.ஜி. வளாகத்தில் நடக்கும் கால்நடைக் கண்காட்சிக்கும், கௌபாய்களின் குதிரையேற்ற, மாடடக்கும் போட்டியான ரோடியோவுக்கும் போயிருந்தேன். அரங்கத்துக்குள் நடக்கும் போட்டியைவிட, என்.ஆர்.ஜி. சென்டர் கட்டடத்துக்குள் விரிந்து கிடந்த கடைவீதிதான் என்னை இழுத்தது. தொப்பியும் பூட்ஸும் சேணமும் வெள்ளி நகையும் மாட்டுத்தோல் விரிப்புமாக வரிசை வரிசையாகக் கடைகள் இருந்தன. தோல் வாசனையும் சர்க்கரையில் வறுத்த கொட்டைகளின் வாசனையும் கலந்து வர, எங்கோ ஒரு மூலையிலிருந்து கிட்டாரும் ஃபிடிலும் கேட்டுக்கொண்டிருந்தன. எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாக் கடைகளில் சிறுவனாகச் சுற்றிய நினைவு வந்துவிட்டது.

ஆனால் இரண்டரை மணி நேரம் சுற்றி, தப்பான இரண்டு பொருள்களை வாங்கிக்கொண்டு திரும்பினேன். நாற்பது டாலருக்கு வாங்கிய, ரோமத்தை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் தொப்பி ஒரே மழையில் நமத்த அப்பளமாய்த் தொங்கிப்போனது. நீலக்கல் பதித்த வெள்ளி மோதிரம் என்று வாங்கியது மூன்றே மாதத்தில் விரலைப் பச்சையாக்கிற்று. பாட்டைப் பொறுத்தவரை, எங்கே பாடுகிறார்கள், எப்போது பாடுகிறார்கள், வெளியாள் உட்கார்ந்து கேட்கலாமா என்று எதுவும் விளங்காமல் கூட்டத்தோடு நகர்ந்துவிட்டேன்.

இந்த ஆண்டு அப்பாவும் அம்மாவும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். அப்பா விவசாயி, மாடு கன்றில் ஊறியவர். அம்மா நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், துணியைத் தொட்டே தரம் சொல்லிவிடுவார். இருவருக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. அவர்களைக் களைப்படையச் செய்யாமல் இந்தக் கடைவீதியை எப்படிச் சுற்றிக் காட்டுவது? தொப்பியும் பூட்ஸும் வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? நகையில் நிஜத்தை எப்படி அடையாளம் காண்பது? அரங்கக் கச்சேரிக்குச் சீட்டு வாங்காமல் நல்ல கன்ட்ரி இசையை எங்கே உட்கார்ந்து கேட்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதலாம், பொறுமையாகப் படிப்பேன்.

பேர்லண்ட் பழையவர்

தம்பி, முதலில் நடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வயதானவர்களை அழைத்து வருபவர்கள் பெரும்பாலும் தோற்பது அதில்தான். ஏறத்தாழ மூன்று வாரம் நடக்கும் இந்த விழாவுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் அளவுக்கு மக்கள் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் சனி ஞாயிறுகளிலும் பள்ளிகளின் வசந்தகால விடுமுறை வாரத்திலும்தான் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். செவ்வாய் அல்லது வியாழன் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்குப் போங்கள். கடைக்காரர்களுக்கும் அப்போதுதான் வாயைத் திறந்து பேச நேரம் இருக்கும்.

வளாகத்துக்குள் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். ரயிலின் சிவப்புத் தடத்தில் ஸ்டேடியம் பார்க், ஆஸ்ட்ரோடோம் என்ற நிலையத்தில் இறங்கினால் வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. அரங்கச் சீட்டு இல்லாமல், வளாக நுழைவுச் சீட்டு மட்டும் தனியாக வாங்கலாம். கடைவீதி, கால்நடைக் கொட்டகைகள், வெளி மேடைகள் எல்லாம் அதிலேயே அடங்கும். அரங்கச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த நுழைவு தனியாகத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவைக் கடைகளுக்கு முன்னால் கால்நடைப் பகுதிக்கு அழைத்துப் போங்கள். அங்கே பிராமன் என்ற இனத்து மாடுகளைப் பார்த்ததும் அவர் நின்றுவிடுவார் என்று பந்தயமே கட்டுவேன். திமிலும் தொங்கும் கழுத்துத் தோலும் நீண்ட காதுமாக நம் ஊர் மாட்டின் சாயலில் இருக்கும், காரணம் அது நம் நாட்டு வம்சம்தான். கிர், குஜராத், கிருஷ்ணா பள்ளத்தாக்கு, நெல்லூர் என்று அவர்கள் அழைக்கும் ஓங்கோல் ஆகிய இனங்களிலிருந்து இங்கே உருவாக்கப்பட்டது. வெயிலையும் உண்ணியையும் தாங்குகிற மாடு டெக்சாஸின் வளைகுடாக் கரைக்குத் தேவைப்பட்டது. இதை வளர்ப்பவர்களின் சங்கம் 1924இல் இதே ஹூஸ்டனில்தான் தொடங்கப்பட்டது. கொட்டகையில் நிற்கும் பிள்ளைகளிடம் கேட்டால், தீவனம் முதல் குளிப்பாட்டுவது வரை மகிழ்ச்சியோடு விளக்குவார்கள். நீங்கள் நடுவில் மொழிபெயர்த்தால் போதும்.

அதன் பிறகு சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் குளிரூட்டப்பட்ட கடைவீதிக்குள் நுழையுங்கள். முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள்.

தோல்பதனி

நான் வாணியம்பாடிக்காரன். தோல் தொழிலில் இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது டாலஸில் இருக்கிறேன். பூட்ஸைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது, மன்னிக்கவும்.

கௌபாய் பூட்ஸின் ஒவ்வொரு வளைவுக்கும் குதிரைமேல் ஒரு வேலை இருந்திருக்கிறது. முனை குறுகியிருப்பது காலைச் சட்டென்று அங்கவடிக்குள் நுழைப்பதற்கு. குதிகால் உயர்ந்து உட்புறம் சரிந்திருப்பது, கால் அங்கவடியைத் தாண்டி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளாமல் தடுப்பதற்கு. அடிப்பாகம் வழுவழுப்பான தோலாக இருப்பதும், நாடாவே இல்லாமல் மேற்குழல் தளர்வாக இருப்பதும், குதிரை தள்ளிவிட்டால் பூட்ஸிலிருந்து கால் உருவிக்கொண்டு வருவதற்கு. 1870களில் டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் சென்ற காலத்தில் இந்த வடிவம் உறுதிப்பட்டது. ஜஸ்டின் 1879இலும், லுக்கேசி 1883இலும், டோனி லாமா 1911இலும் தொழிலைத் தொடங்கின. நடப்பதற்கு மட்டும் வாங்குபவர்களுக்கு, குட்டையான, நேரான ரோப்பர் குதிகால் வசதியாக இருக்கும். எழுபது வயதுக்காரருக்குச் சரிந்த குதிகாலை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடையில் செய்ய வேண்டியது இது. பூட்ஸைத் தலைகீழாகத் திருப்பி, அடித்தோலின் இடுப்புப் பகுதியைப் பாருங்கள். நல்ல வேலைப்பாட்டில் அங்கே சிறிய மர ஆணிகள் இரண்டு வரிசையாகத் தெரியும். எலுமிச்சை மரம் என்று வியாபாரத்தில் சொல்லப்படும் மரத்தில் செய்தவை. இரும்பு ஆணி ஈரத்தில் துருப்பிடித்துத் தளரும், மர ஆணியோ தோலோடு சேர்ந்து ஊறிச் சேர்ந்தே காய்வதால் பிடி விடாது. அடுத்து, மேல்தோலையும் அடித்தோலையும் இணைக்கும் ஓரப்பட்டையில், அதாவது வெல்ட்டில், தையல் உண்மையாகவே ஓடுகிறதா, வெறும் அலங்கார வரியா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். வெல்ட் தைத்த பூட்ஸுக்கு அடித்தோல் தேய்ந்தால் புதிது மாற்றலாம். ஒட்டியதை அப்படி மாற்றுவது கடினம்.

அளவு விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த நம் கால்கள் முன்புறம் விரிந்தவை, ஆனால் கடைக்காரர் நீளத்தை மட்டும் கேட்டுக் கொடுத்துவிடுவார். அகலத்துக்கும் எழுத்து உண்டு. ஆண்களுக்கு டி என்பது சாதாரண அகலம், இரட்டை இ என்பது அகலமானது. கேட்டு வாங்குங்கள். நாடா இல்லாததால் காலைப் பிடித்துக்கொள்வது புறங்காலின் மேடு ஒன்றுதான், அந்த இடம் கச்சிதமாக இருக்க வேண்டும். புதிதில் நடக்கும்போது குதிகால் கால் அங்குலம் அளவுக்கு மேலே ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம், அடித்தோல் வளையப் பழகியதும் அது குறையும். குதிகால் ஏறுகிறதே என்று ஒரு அளவு சிறிதாக வாங்கினால் விரல்கள் நசுங்கும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள்.

தீக்கோழித் தோலில் இறகு இருந்த இடங்கள் புள்ளி புள்ளியாகப் புடைத்து நிற்கும். அதற்கு விலை அதிகம் என்பதால் மாட்டுத்தோலில் அதே புள்ளியை அழுத்தி அச்சடித்து விற்பதும் உண்டு. இயற்கைப் புள்ளிகள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. அச்சில் ஒரே வடிவம் சீரான இடைவெளியில் திரும்ப வரும். அச்சு என்று சொல்லி விற்றால் தவறில்லை, வாங்குபவர் அதற்குரிய விலையைக் கொடுத்தால் சரி. ஊருக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் மலைப்பாம்பு, கெய்மன் முதலை ஆகியவற்றின் தோலில் செய்தவற்றைத் தொடவே வேண்டாம். காட்டுயிர் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் வருபவை அவை, உரிய ஆவணம் இல்லாமல் சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தொப்பியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் வாங்கியது கம்பளி ஃபெல்ட்டாக இருந்திருக்கும். முயல் ரோமமும், அதற்கு மேல் பீவர் ரோமமும் கலந்தவைதான் மழையைத் தாங்கி வடிவம் கெடாமல் நிற்கும். தரத்தைக் காட்டுவதாக உள்ளே 4X, 10X என்று அச்சிட்டிருக்கும் எக்ஸ் எண்ணிக்கையை நம்பாதீர்கள், அதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒருவருடைய பத்து இன்னொருவருடைய நான்காக இருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு மார்ச் மாதத்திலிருந்து சாத்தூர் வெயில் வரைக்கும் உதவப்போவது வைக்கோல் நிறத் தொப்பிதான். அதில் ஷான்டங் என்று விற்பது உண்மையில் காகித இழையால் நெய்தது, பெயரைக் கேட்டுப் பட்டு என்று நினைத்துவிட வேண்டாம். எதை வாங்கினாலும் அங்கேயே நீராவியில் காட்டி, தலைக்கும் முகத்துக்கும் ஏற்ப விளிம்பை வளைத்துத் தருவார்கள். அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. வீட்டில் விளிம்பு தரையில் படும்படி கவிழ்த்து வைக்காமல் மல்லாத்தி வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போனால் உட்பட்டை சுருங்கி, தொப்பி தலையில் ஏறாது.

நீலக்கல் ரசிகை

மானாவாரி அவர்களுக்கு, நகையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விரலைப் பச்சையாக்கியது செம்பு. நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்று பாத்திரம் வைத்திருப்போமே, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, வெள்ளி துளியும் இல்லாதது, அதே பெயரில் அதே உலோகம் இங்கும் பெல்ட் பக்கிளிலும் மோதிரத்திலும் உலவுகிறது. ஸ்டெர்லிங் என்றோ 925 என்றோ முத்திரை இருக்கிறதா என்று மோதிரத்தின் உட்புறம் பாருங்கள்.

நீங்கள் நீலக்கல் என்று சொன்ன டர்க்காய்ஸ் கல் இயல்பாகவே மென்மையானது. எனவே சந்தையில் உள்ள பெரும்பான்மையான கற்கள் பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தப்பட்டவை. அது மோசடி இல்லை, சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். மோசடி என்பது ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயமேற்றுவதும், பிளாஸ்டிக் கட்டியை அறுத்துப் பதிப்பதும். சாயமேற்றிய கல்லில் கோடுகளின் ஓரம் நிறம் தேங்கி அடர்ந்திருக்கும். அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012இல் டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டது. அதன் பிறகும் அந்தப் பெயரைச் சொல்லி மலிவாக விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நவஹோ, சூனி போன்ற பூர்வகுடிக் கலைஞர்கள் செய்ததாகச் சொல்லி, அவர்கள் செய்யாததை விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாட்சிக் குற்றம். ஆகவே கலைஞர் பெயரையும் அவர் குடியின் பெயரையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார். மற்றவர் பேச்சை மாற்றுவார். நவஹோ வேலையில் கனத்த வெள்ளியும் பெரிய கல்லும் முன்னால் நிற்கும், சூனி வேலையில் அரிசிமணி போன்ற சிறு கற்கள் வரிசை கட்டி நிற்கும். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிகளை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனால், வாங்காமலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

உங்கள் அம்மாவுக்கு நான் காட்டச் சொல்வது நகையை அல்ல, வைல்ட் ராக் என்று சொல்லப்படும் சதுரப் பட்டுத்துணியை. குளிரில் பண்ணைக்காரர்கள் கழுத்தில் சுற்றிக்கொள்வது. அதே கடையில் பந்தனா என்ற அச்சிட்ட கைக்குட்டைகளும் இருக்கும். அந்தச் சொல்லே நம் நாட்டுக் கட்டுச்சாய முறையின் பெயரிலிருந்து போனது, அதில் அச்சிட்டிருக்கும் மாங்காய் வடிவமும் கிழக்கிலிருந்து போனதுதான்.

நான்கு தந்தி

பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் கர்நாடக வயலின் கற்றவள், இங்கே வந்த பிறகு ஃபிடில் வாசிக்கவும் பழகிக்கொண்டேன்.

அரங்கத்துக்குள் இரவில் நடப்பது நட்சத்திரக் கச்சேரி. 1942இல் ஜீன் ஆட்ரி பாடியதில் தொடங்கிய வழக்கம் அது. எழுபதாயிரம் பேருக்கு நடுவில் மேடை ஒரு தீப்பெட்டி அளவில் தெரியும். உங்களுக்கு வேண்டியது வெளியில் இருக்கும் சிறிய மேடைகள். வளாகத்திலேயே உள்ள மதுத் தோட்டத்தில் உள்ளூர்க் கலைஞர்கள் கிட்டாரோடு அமர்ந்து பாடுவார்கள். ஹைட்அவுட் என்ற கூடாரத்தில் இரவில் முழு வாத்தியக்குழு வாசிக்கும், நடனத் தரையும் உண்டு, ஆனால் அது 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அன்றன்றைய நேரப் பட்டியலை விழாவின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்பது என்பதையும் சொல்கிறேன். மேசைபோலக் கிடத்திவைத்த பல தந்திகள் உள்ள வாத்தியத்தின் முன் ஒருவர் அமர்ந்து, இடக்கையில் உலோகத் துண்டைத் தந்திகள்மேல் வழுக்கியபடி, காலாலும் முழங்காலாலும் நெம்புகோல்களை இயக்கிக்கொண்டிருப்பார். அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். அதன் மூலம் ஹவாய்த் தீவில் இருக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியாகத் தாவாமல் குழைந்து நகரும் அந்த ஓசை, நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே பிடிபடும். என் அம்மா முதல்முறை கேட்டபோது “இவன் ஜாரு பிடிக்கிறானே” என்றார். ஃபிடில் நம் வயலினேதான். நாம் உட்கார்ந்து ஸ பஞ்சமமாகச் சுருதி கூட்டுகிறோம், இவர்கள் நின்றுகொண்டு ஐரோப்பிய முறையிலேயே கூட்டுகிறார்கள். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் கையில் அங்கே போன வாத்தியமும், குடியேறிகளின் பெட்டியில் இங்கே வந்த வாத்தியமும் ஒன்றே.

டெக்சாஸ் இசை, ஆடுவதற்கு என்று வளர்ந்தது. ஜெர்மானியரும் செக் மக்களும் கொண்டுவந்த போல்கா நடன இசை, மெக்சிகோ எல்லையின் அக்கார்டியன், 1930களில் ஃபோர்ட் வொர்த்தில் மில்டன் பிரவுனும் பாப் வில்சும் ஜாஸைக் கலந்து உருவாக்கிய வெஸ்டர்ன் ஸ்விங் எல்லாம் அதில் இருக்கின்றன. நடனத் தரையில் ஜோடிகள் வேகம், வேகம், மெது, மெது என்று அடிவைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் ஓரமாக நிற்பதற்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். குறுக்கே மட்டும் நடந்துவிடாதீர்கள்.

மானாவாரி

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று, வியாழக்கிழமை, போய் வந்தோம். ரயிலில்தான் போனோம்.

பழையவர் ஐயா பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். சாம்பல் நிறப் பிராமன் காளை ஒன்றின் முன்னால் அப்பா முக்கால் மணி நேரம் நின்றார். அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பெண்ணிடம், சுழி பார்த்து வாங்கினார்களா என்று என்னைக் கேட்கச் சொன்னார். சுழி என்பதை நான் விளக்கி முடிப்பதற்குள் அப்பாவே காளையின் முதுகில் இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டார். அந்தப் பெண் அதைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

கடைவீதியை முதல் சுற்றில் வாங்காமல் சுற்றியது நல்ல யோசனை. தோல்பதனி சொன்ன மர ஆணியைத் தேடி எட்டு ஜோடிகளைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றில்தான் இருந்தது. கடைசியில் இரட்டை இ அகலத்தில், ரோப்பர் குதிகால் வைத்த மாட்டுத்தோல் பூட்ஸ் எனக்கு மட்டும் வாங்கினேன். அப்பா பூட்ஸ் வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார், ஆனால் பனையோலைத் தொப்பிக்கு மறுப்புச் சொல்லவில்லை. நீராவியில் விளிம்பை வளைத்த முதியவர் அப்பாவின் முகத்தை இரண்டு மூன்று முறை தள்ளி நின்று பார்த்து, இடப்பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டார். மோதிரம் வாங்கவில்லை. ஒரு கடையில் கலைஞர் பெயரை எழுதித் தரக் கேட்டேன், உண்மையிலேயே பேச்சு மாறியது.

அம்மா வைல்ட் ராக் கடையில் எட்டுத் துணிகளைத் தடவிப் பார்த்து, அவற்றில் மூன்று பட்டே அல்ல என்றார். நான் கடைக்காரரிடம் கேட்டபோது, அந்த மூன்றும் பாலியஸ்டர் என்று அவரே சீட்டைக் காட்டினார். கருநீலத்தில் ஒன்று வாங்கினோம்.

சாயங்காலம் மதுத் தோட்டத்து மேடையின் பக்கம் போய், எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கே கிட்டார் மட்டும்தான் இருந்தது, பெடல் ஸ்டீலைத் தேட வேண்டியதாயிற்று. வேறொரு வெளி மேடையில் ஆறு மணிக்குப் பிறகு அது வந்தது. அப்பா தொப்பியை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, காலால் தாளம் போட்டபடி, அந்த வாத்தியத்தை ஊருக்கு விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டார். நான்கு தந்தி அவர்களே, அதற்கு என்ன விலை ஆகும்?

நான்கு தந்தி

புதிதாக வாங்கினால் சில ஆயிரம் டாலர் ஆகும், பெட்டியோடு தூக்குவதற்கும் ஓர் ஆள் வேண்டும். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், மடியில் வைத்து வாசிக்கும் லாப் ஸ்டீல் என்று ஒன்று உண்டு. நெம்புகோல் கிடையாது, கைப்பெட்டி அளவுதான் இருக்கும், பழையது நூற்றைம்பது டாலருக்கும் கிடைக்கும். அப்பா ஊருக்குப் புறப்படும் தேதியைச் சொல்லுங்கள், என்னிடம் இருப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன்.